கேட் திறந்தும் நகராத வண்டிகள்

இந்தக் காலத்து ஜனங்களுக்கு நிற்கத் தெரியவில்லை. டீக்கடையில் மாஸ்டர் டீயை ஆற்றுகிற வரைக்கும் நிற்க மாட்டேன் என்கிறான். கோயிலில் தீபாராதனைத் தட்டு தன் பக்கம் வருகிற வரைக்கும் நிற்க மாட்டேன் என்கிறான். ரோட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சிவப்பு விளக்கு எரிந்தால் அது பக்கத்தில் நிற்கிறவனுக்கு என்று நினைத்துக்கொள்கிறான். முன்னால் நிற்கிற லாரி பறந்து போய்விட வேண்டும் என்று ஹாரன் மேல் கையை வைத்து அழுத்துகிறான். வயசானவன் ரோட்டைக் கடந்தால் பிரேக் போடுவதற்குப் பதிலாகத் திட்டுகிறான். எங்கே போய் எதைப் பிடிக்கப் போகிறார்களோ தெரியவில்லை. எல்லாருக்கும் அவசரம்.

இப்படியெல்லாம் திட்டிக்கொண்டேதான் தட்சிணாமூர்த்தி தன் குட்டியானை வேனை ரோட்டின் வலது பக்கத்தில் ஏற்றினார்.

வேப்பம்பட்டுப் பக்கத்து ரயில்வே கேட் மூடியிருந்தது. இடது பக்கம் வண்டிகள் வரிசையாக நின்றன. வலது பக்கம் காலி. அந்தப் பாதி எதிரில் வருகிற வண்டிகளுக்கு. கேட் மூடியிருக்கும்போது எதிரில் ஒன்றும் வராது, அதனால் வெறுமனே கிடக்கும். ரோடு வெறுமனே கிடப்பதைப் பார்த்தால் நம் ஜனங்களுக்குப் பொறுக்காது. முதலில் ஒரு பைக் நுழையும். அதன் பின்னால் நாலு பைக். அப்புறம் ஒரு ஆட்டோ, ஒரு கார். கேட் திறப்பதற்குள் ரோடு முழுக்க அடைத்துவிடும். அந்தப் பக்கமும் இதே கதைதான். அங்கேயும் அவர்களுடைய வலது பாதியில் வண்டிகள் நிரம்பியிருக்கும். கேட் தூக்கினதும் இரண்டு பக்கத்து வண்டிச் சுவரும் தண்டவாளத்தின் நடுவில் வந்து முட்டிக்கொள்ளும். பத்து வண்டி போகிற நேரத்தில் ஒரு வண்டிகூடப் போகாது. தினமும் நடக்கிறது. தினமும் நடப்பதால் அது தப்பு என்றே யாருக்கும் தோன்றவில்லை.

கேட் கீப்பர் பாண்டியனுக்கு விசில் ஊதி ஊதித் தொண்டை கட்டிப்போய்விட்டது. வலது பக்கம் வருகிறவனைத் திட்டியிருக்கிறான், கும்பிட்டிருக்கிறான், கழியைக் காட்டி மிரட்டியும் இருக்கிறான். யாரும் மதித்ததில்லை. ரயில்வேக்காரன் ரயிலைப் பார்த்துக்கொள்ளட்டும், ரோட்டில் அவனுக்கு என்ன வேலை என்று ஒரு தடவை தட்சிணாமூர்த்தியே அவன் முகத்துக்கு நேராகக் கேட்டிருக்கிறார்.

அவர் அந்த ஊர்க்காரர். அப்பா காலத்தில் நெல் விளைந்த நிலம் இப்போது அடுக்குமாடி வீடுகளாக நிற்கிறது. அந்த வீடுகளுக்குத்தான் அவர் தண்ணீர் கேன் போடுகிறார். நிலத்தை விற்றபோது புரோக்கர் அளவுச் சங்கிலியில் வேலை காட்டிவிட்டான். வரப்பு இருந்த இடம் எல்லாம் தெரிந்த மனுசனையே நிற்க வைத்து ஏமாற்றினான். அன்றிலிருந்து அவருக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது. பால்காரன் தண்ணீர் கலக்கிறான், டாக்டர் தேவையில்லாத ஊசி போடுகிறான், ஆம்புலன்ஸ்காரன் வீட்டுக்குச் சாப்பிடப் போவதற்கு சைரன் போடுகிறான். இதெல்லாம் அவருடைய தீர்மானமான கருத்து. வண்டி ஓட்டுவதிலும் அவருக்கு ஒரே பாடம்தான். நாம் வழி விட்டால் பின்னால் இருக்கிறவன் புகுந்துவிடுவான். அவன் வழி விட்டால் அவன் பின்னால் இருக்கிறவன் புகுந்துவிடுவான். ஆகையால் யாரும் விடக் கூடாது. அவர் மனைவி எல்லம்மா, “ஊட்டுக்கு வர வண்டி ஒரு நிமிசம் கழிச்சி வந்தா சோறு ஓடியா பூடும்?” என்று கேட்பாள்.

அன்றைக்கும் சோறு ஓடிப் போகிற அவசரம் ஒன்றும் இல்லை. ஆவடி வாடிக்கைக்காரர்களுக்கும் கேன்களைப் போட்டுவிட்டுக் காலி கேன்களோடு திரும்பிக்கொண்டிருந்தார். வீட்டுக்குப் போனால் சாப்பாடு, அப்புறம் ஒரு தூக்கம். அவ்வளவுதான். ஆனால் முன்னால் போன ஷேர் ஆட்டோ ஒன்று வலது பக்கம் ஒடிக்கப் பார்த்தது. அதைப் பார்த்ததும் அவருக்கு எங்கிருந்தோ ரோஷம் வந்துவிட்டது. ஆட்டோவின் மூக்கை உரசுகிற மாதிரி முந்தினார். ஆட்டோ ஓட்டிய அஸ்வின் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி எதையோ கத்தினான். அவர் காதில் போட்டுக்கொள்ளாமல், கேட்டின் இரும்புக் கழி வண்டியில் இடிக்கிற அளவுக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அஸ்வின் அவர் முதுகை ஒட்டி நின்றான். அவன் பின்னால் இன்னொரு வரிசை சேர்ந்துவிட்டது.

மின்சார ரயில் தடதடத்துப் போனது. கேட் ஏறியது. கழி முழுசாக மேலே போவதற்குள் தட்சிணாமூர்த்தி கியரைப் போட்டார். முதல் தண்டவாளத்தைத் தாண்டினார். இரண்டாவதைத் தாண்டுவதற்குள் எதிரில் ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. இரண்டு பம்பருக்கும் நடுவில் ஒரு கை நுழையும் அளவுக்கு இடம்.

காரை ஓட்டியவள் கிருஷ்ணப்பிரியா. புதுசாகக் கட்டின பிளாட்டில் குடியிருக்கிறாள். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். அவள் அவளுடைய இடது பக்கத்தில், ஒழுங்கான வரிசையில் முதல் ஆளாக வந்தவள். கண்ணாடியை இறக்கினாள்.

“ஐயா, இது என் பக்கம். நீங்கதான் தப்பா வந்திருக்கீங்க. பின்னாடி எடுங்க.”

“தப்பு, ரைட்டு எல்லாம் ஊட்டாண்ட போய்ப் பேசு. வண்டிய ரிவர்ஸ் எடும்மா. நான் தண்டவாளத்து மேல நின்னுகினு கீறேன்.”

“நானும்தான் தண்டவாளத்து மேல நிக்கிறேன். பின்னாடி பாருங்க, ஈ நுழைய இடம் இருக்கா? நான் எங்க போறது?”

அவள் சொன்னது பொய் இல்லை. அவள் பின்னால் வண்டிகள் நெருக்கிக்கொண்டு நின்றன. அவளுக்கு வலது பக்கம், அந்தப் பக்கத்துத் தப்பு வரிசை நின்றது. அந்த வரிசை தட்சிணாமூர்த்தியின் பக்கத்து ஒழுங்கான வரிசையை முட்டிக்கொண்டு நின்றது. நாலு வரிசையும் நடுவில் பூட்டுப் போட்ட மாதிரி மாட்டிக்கொண்டன. எல்லாரும் ஹாரன் அடித்தார்கள். யார் யாரைப் பார்த்து அடிக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. தட்சிணாமூர்த்தியும் அடித்தார். என்ஜினை அணைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். இந்த மாதிரி நேரத்தில் முதலில் கண்ணைத் தாழ்த்துகிறவன் தோற்றான் என்பது அவர் கணக்கு. இத்தனை வருஷத்தில் அவர் ஒரு தடவைகூடப் பின்னால் எடுத்ததில்லை.

அப்போதுதான் பாண்டியன் கேபினிலிருந்து ஓடிவந்தான். அடுத்த ரயில் வந்து சிக்னலில் நிற்கிறது, கேட்டை மூட வேண்டும், தண்டவாளத்தை விட்டு இறங்குங்கள் என்று இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கத்தினான். கேட் மூடினால்தான் அந்த ரயிலுக்குச் சிக்னல் விழும் என்பது பாண்டியனுக்குத் தெரியும். தண்டவாளத்தின் மேல் நிற்கிறவர்களுக்குத் தெரியாது. தூரத்தில் ரயில் ஒரு நீளமான ஹாரன் கொடுத்தது. பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்கள் இறங்கி ஓடினார்கள். ஒருத்தன் பைக்கைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்து, நடுவில் மாட்டிக்கொண்டு நின்றான். கிருஷ்ணப்பிரியாவின் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டீரிங்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆனாலும் கண்ணைத் தாழ்த்தவில்லை. அவளும் நியாயம் தன் பக்கம் இருப்பதை விடத் தயாராக இல்லை.

காருக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் வண்டிகளுக்கு நடுவில் உடம்பை ஒடுக்கிக்கொண்டு ஓடிவந்தாள். பட்டறையில் போடுகிற நீலக் கோட்டு. அதன் ஒரு பக்கம் முழுக்க ரத்தம். மார்போடு ஒரு பிளாஸ்டிக் சோற்று டப்பாவை அணைத்துக்கொண்டிருந்தாள். அவள் பெயர் ஜோதிகா. குட்டியானையின் ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது.

“நைனா, கொஞ்சம் பின்னால எடு நைனா. எங்க ஊட்டுக்காரருக்கு பிரஸ் மிசின்ல கை மாட்டிக்கிச்சி. நாலு வெரலு துண்டாயிடுச்சி. ஆட்டோவுல கீறாரு. இந்த காருக்குப் பின்னால மூணாவது வண்டி.”

தட்சிணாமூர்த்தி அவளை மேலும் கீழும் பார்த்தார்.

“கேட்டாண்ட வந்தா எல்லாருக்கும் ஆஸ்பத்திரிதாம்மா. இந்தக் கதய எத்தினி பேரு சொல்லிக் கேட்டுகீறேன்.”

“கதையா?” அவள் கோட்டைக் காட்டினாள். “இது இன்னா நைனா, சாயமா?”

“ஆளக் காட்டு. அப்புறம் பேசு.”

வேறு யாராக இருந்தாலும் அந்த வார்த்தைக்கு அவரை அடித்திருப்பார்கள். ஜோதிகா அடிக்கவில்லை. அடிக்க அவளிடம் நேரம் இல்லை. வா என்று தலையை ஆட்டிவிட்டு முன்னால் ஓடினாள். அவர் இறங்கினார். வண்டிச் சாவியை மறக்காமல் எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டுதான் இறங்கினார். தண்டவாளத்துச் சரளைக் கல்லில் கால் இடற நடந்தார். இரண்டு பக்கமும் ஆட்கள் அவரைத் திட்டினார்கள். ஒருத்தன், “பெர்சு, வண்டிய வுட்டுட்டு வாக்கிங் போவுது பாரு” என்றான்.

ஆட்டோவின் பின்சீட்டில் தேவா சாய்ந்து கிடந்தான். முப்பது வயசு இருக்கும். வலது கையில் துண்டைச் சுற்றி, அதன் மேல் இன்னொரு துண்டைச் சுற்றி, கையை மேலே தூக்கி ஆட்டோக் கம்பியில் கட்டியிருந்தார்கள். துண்டு நனைந்து முழங்கை வழியாக ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது. உதடு காய்ந்து வெள்ளையாகிவிட்டது. தூக்கிக்கொண்டு போய் அந்தப் பக்கம் வேறு வண்டி பிடிக்கக் கூடாதா என்று யாரோ கேட்டார்கள். ஏற்கெனவே அப்படி இறக்கினபோது இரண்டு அடி வைப்பதற்குள் மயங்கி விழுந்துவிட்டான், தவிர அந்தப் பக்கமும் மெயின் ரோடு வரைக்கும் அடைப்புதான் என்று ஆட்டோக்காரர் சொன்னார்.

தட்சிணாமூர்த்தி இன்னும் முழுசாக நம்பவில்லை. பழக்க தோஷம். ஜோதிகாவின் கையில் இருந்த டப்பாவைப் பார்த்தார்.

“டப்பால இன்னா?”

அவள் மூடியைத் திறந்தாள். பட்டறைப் பக்கத்தில் மீன் விற்கிற அம்மாளிடம் வாங்கின ஐஸ். ஐஸுக்கு நடுவில் முடிச்சுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் கவர். கவருக்குள் நாலு விரல்கள். நகக் கண்ணில் மிசின் ஆயிலின் கறுப்பு அப்படியே இருந்தது. ஒரு விரலில் செப்பு மோதிரம் இருந்தது.

தேவா கண்ணைத் திறந்தான். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி வந்தது.

“நைனா, நேரம் போனா ஒட்டாதாம்.”

தட்சிணாமூர்த்தி டப்பாவின் மூடியைத் தானே எடுத்து மூடினார். திரும்பி நடந்தார். கிருஷ்ணப்பிரியாவும் காரை விட்டு இறங்கி வந்து எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு ஆட்டோவில் ஏறி, கம்பியில் கட்டியிருந்த தேவாவின் கை கீழே நழுவாமல் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். ஜோதிகா டப்பாவோடு தட்சிணாமூர்த்தியின் பின்னால் ஓடினாள். அவரை நம்பி விட்டுவிட்டு நிற்க அவளால் முடியவில்லை.

அவர் தன் வண்டிக்கு வந்தார். பின்னால் அஸ்வினின் ஷேர் ஆட்டோ ஒட்டிக்கொண்டு நின்றது. அது நகர்ந்தால்தான் இவர் நகரலாம். அவர் அஸ்வினிடம் போய்ப் பின்னால் எடுக்கச் சொன்னார். விரல் துண்டான ஆள் எதிரில் ஆட்டோவில் கிடப்பதையும் சொன்னார். அஸ்வின் சிரித்தான்.

“இன்னா பெர்சு, இப்பதான் என் மூக்க ஒரசிகினு பூந்த. இப்ப என்ன பின்னால போவச் சொல்றியா?”

“பொய் இல்லடா. நானே போய்ப் பாத்துட்டு வரேன்.”

“நான் நவுந்தா நீ அந்த கேப்ல லெஃப்ட்ல பூந்து பூடுவ. ஒன்ன எனக்குத் தெரியாதா?”

அது தட்சிணாமூர்த்தியுடைய பேச்சு. அவர் தினமும் மற்றவர்களைப் பார்த்துச் சொல்கிற வார்த்தைதான் இந்தப் பயல் வாயிலிருந்து வருகிறது. இவனைத் திட்டவும் முடியாது. இவன் இடத்தில் தான் இருந்தால் தானும் நகர்ந்திருக்க மாட்டோம் என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்தது. நம்பாதவன் பேச்சை யார் நம்புவார்கள்?

தூரத்தில் ரயில் இன்னொரு தடவை ஹாரன் கொடுத்தது.

அவர் இடுப்பில் கையை விட்டார். சாவியை எடுத்து அஸ்வினின் மடியில் போட்டார்.

“இந்தா. நீ பின்னால போய் நின்னப்புறம் குடு. அது வரிக்கும் என் வண்டி இங்கியேதான் நிக்கும். நான் எங்க போவறது?”

அஸ்வின் சாவியைப் பார்த்தான். அவர் பின்னால் ரத்தக் கோட்டோடு நின்ற ஜோதிகாவைப் பார்த்தான். ஆட்டோவில் உட்கார்ந்திருந்த பூக்காரம்மா ஒருத்தி, “எடுடா டேய், இன்னும் இன்னாடா பாத்துகினு கீற” என்று அவன் தலையில் ஒன்று வைத்தாள். அவன் சிரிப்பு நின்றுவிட்டது. ஆனால் அவனும் உடனே எடுக்க முடியாது. அவன் பின்னால் ஒரு கார், காருக்குப் பின்னால் பைக்குகள், பைக்குகளுக்குப் பின்னால் ஒரு பால் வேன். பின்னால் எடுக்கிற வேலை கடைசி வண்டியிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும்.

தட்சிணாமூர்த்தி கடைசி வண்டியை நோக்கி நடந்தார். ஜோதிகா கூடவே நடந்தாள். ஒவ்வொரு வண்டியாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குத் தணிவாகக் கேட்கத் தெரியாது, அதட்டத்தான் தெரியும். அதட்டினார். ஒருத்தன், நீ யாருய்யா டிராபிக் போலீஸா என்றான். ஒருத்தன், முதலில் முன்னால் நிற்கிறவனைப் போகச் சொல் என்றான். பால் வேன்காரன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போன் பேச ஆரம்பித்தான். அதட்டல் ஒரு இடத்திலும் எடுபடவில்லை. வேன் கதவில் கையை வைத்துக்கொண்டு அவர் நின்றார். அவர் குரல் தானாக இறங்கியது.

“அப்பா, நான்தான் மொதல்ல ரைட்ல பூந்தவன். தப்பு என்னோடது. கொஞ்சம் பின்னால எடுத்துக்குடுப்பா. நான் ஒனக்கும் பின்னால, கடைசியில போய் நிக்கிறேன்.”

வேன்காரன் போனைக் கீழே வைத்தான். எழுபது வயசு ஆள் ஒருத்தர் நடுரோட்டில் தப்பு என்னுடையது என்று சொல்லி அவன் இதுவரை கேட்டதில்லை. கியரை மாற்றினான்.

வேன் பின்னால் போனது. பைக்குக்காரர்கள் இடது பக்கத்து இடுக்குகளில் ஒதுங்கினார்கள். கார் ஊர்ந்தது. யாரும் கேட்காமலே இரண்டு பையன்கள் இறங்கிப் பின்னால் வருகிறவர்களைக் கை காட்டி நிறுத்தினார்கள். இடது வரிசை முடிகிற இடம் வரைக்கும் எல்லாரும் பின்வாங்கி, ஒருவர் பின் ஒருவராக அந்த வரிசையின் வாலில் சேர்ந்துகொண்டார்கள். அஸ்வின் பின்னால் போனதும் பூக்காரம்மா சாவியைக் கொண்டுவந்து கொடுத்தாள். தட்சிணாமூர்த்தி ஓடிப்போய் வண்டியில் ஏறினார். வாழ்நாளில் முதல் தடவையாக அந்தக் கேட்டில் ரிவர்ஸ் கியர் போட்டார். அவசரத்தில் ஒரு கேன் உருண்டு தண்டவாளத்தில் விழுந்தது. பாண்டியன் அதைக் காலால் ஓரமாகத் தள்ளினான்.

ரோட்டின் அந்தப் பாதி திறந்துகொண்டது. கிருஷ்ணப்பிரியா ஓடிவந்து காரை எடுத்தாள். அவள்தான் முதல் ஆள், நேராகப் போயிருக்கலாம். போகவில்லை. தண்டவாளத்தைத் தாண்டினதும் இடது பக்கம் சேற்றில் காரை இறக்கி நிறுத்திவிட்டுக் கையைக் காட்டினாள். அவள் பின்னால் இருந்த இரண்டு வண்டிகளும் அதே மாதிரி ஒதுங்கின. தேவாவின் ஆட்டோ அவர்களைக் கடந்தது, தட்சிணாமூர்த்தியையும் கடந்தது. ஜோதிகா ஓடுகிற ஆட்டோவில் தாவி ஏறினாள். டப்பாவை அவள் கையிலிருந்து விடவே இல்லை.

பாண்டியன் அந்தப் பாதியில் வந்த மற்றவர்களையும் விட்டுவிட்டு, எஞ்சியவர்களைத் தண்டவாளத்திலிருந்து இறக்கிவிட்டுக் கேட்டை மூடினான். நின்றுகொண்டிருந்த ரயில் கிளம்பிப் போனது. தட்சிணாமூர்த்தி சொன்ன மாதிரியே எல்லாருக்கும் பின்னால் நின்றிருந்தார்.

அன்றைக்கு வீட்டில் அவர் சாப்பிடவில்லை. எல்லம்மா ஏன் என்று கேட்டதற்கு வெயில் என்றார்.

ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருக்கும். அதே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்திவிட்டு, கேட்டுக்குப் பக்கத்து டீக்கடையில் அவர் நின்றுகொண்டிருந்தார். ஒரு ஷேர் ஆட்டோவிலிருந்து தேவாவும் ஜோதிகாவும் இறங்கினார்கள். ஆஸ்பத்திரியில் கையின் கட்டை மாற்றிக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறார்கள். ஜோதிகாதான் அவரை அடையாளம் கண்டுகொண்டாள். தேவா கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். கட்டுக்கு வெளியே கட்டைவிரல் தவிர மூன்று விரல் நுனிகள் தெரிந்தன. ஆள்காட்டி விரல் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை.

மூன்று ஒட்டிவிட்டது, ஒன்று ஒட்டவில்லை என்று ஜோதிகா சொன்னாள். கொஞ்ச நேரம் முன்னால் வந்திருந்தால் அதையும் பார்த்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னாராம். அவள் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள். தட்சிணாமூர்த்தி டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“நான் மட்டுமா நின்னேன்? எத்தினி வண்டி நின்னுச்சி” என்றார்.

“நீ மட்டும் இல்ல நைனா” என்றான் தேவா. “நானே பைக்ல வரச்சொல்ல அதே ரைட்லதான் பூந்து நிப்பேன். என் பின்னால எவன் உசுரு போவுதுன்னு நான் என்னிக்காச்சும் திரும்பிப் பாத்துகீறேனா? ஆட்டோவுல படுத்துகினு கீறப்பதான் புரிஞ்சுது. எவனுக்கு அவசரம்னு நமக்குத் தெரியாது நைனா. தெரியாததாலதான் வழி வுடணும். ஆளக் காட்டுன்னு கேட்டுட்டு வுடுறதுக்குப் பேரு வழி வுடுறது இல்ல.”

கடைசி வார்த்தை தட்சிணாமூர்த்திக்கு எங்கே பட வேண்டுமோ அங்கே பட்டது. டீக்கடைக்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார். அப்போது ஒரு கார் இடது வரிசையிலிருந்து வெளியே வந்து, காலியாகக் கிடந்த வலது பாதியில் ஏறி, ஜம்மென்று கேட்டுக்கு முன்னால் போய் நின்றது. அதன் பின்னால் இரண்டு பைக்குகள்.

தட்சிணாமூர்த்தி அந்தக் காரைக் கையால் காட்டினார்.

“பாத்தியா? நீ வுடுவ. நான் வுடுவேன். அவன் வுடுவானா? நாளைக்கே ஒன்ன மாரி ஒருத்தன் ஆட்டோவுல வந்தா, அந்த காருக்காரன் எறங்கி வந்து பாப்பானா?”

“அவன் வுடட்டும்னு நீ நின்னா, நீ வுடட்டும்னு அவன் நிப்பான்” என்றாள் ஜோதிகா. “அப்பால ரோட்டுல நிக்கிறது மனுசங்களா, எல்லாம் கல்லுதான். யாராச்சும் ஒருத்தரு மொதல்ல வுடணும் நைனா. அன்னிக்கு நீ வுட்டதாலதான் இந்த மூணு வெரலு கீது.”

“அதெல்லாம் ஒரு நாளைக்கி” என்றார் தட்சிணாமூர்த்தி. “ரத்தத்தப் பாத்தா எல்லாரும் வுடுவான். தெனம் எவன் வுடுவான்? ஜனங்க திருந்தாதும்மா. நான் பாக்காத ஜனமா.”

டீக்குக் காசு கொடுத்தார். தேவாவின் கையை இன்னொரு தடவை பார்த்தார். ரயில் வருகிற சத்தம் கேட்டது. வலது பக்கம் இன்னும் நாலு வண்டிகள் சேர்ந்துவிட்டன. ஒருத்தனும் திருந்த மாட்டான், ஒருத்தனும் திருந்த மாட்டான் என்று முனகிக்கொண்டே, இடது வரிசையில் வெகுதூரம் பின்னால் நின்றிருந்த தன் வண்டியை நோக்கி நடந்தார்.